கலவரத்துக்கு முந்தைய சில மணி நேரம்: பெங்களூரில் ஒரு பட்டறைக்காரர் கண்டது

பெங்களூரின் மேற்குப் பகுதியில், காமாட்சிபாளையாவை ஒட்டிய தொழிற்கூடச் சந்து ஒன்றில், இயந்திர உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறை ஒன்றை நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரி நீர்ப் பிரச்சினையை முன்வைத்து மூண்ட கலவரத்தால் நகரின் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அவற்றுள் காமாட்சிபாளையாவும் ஒன்று. அன்று நடந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே விளக்கங்களைத் தருகிறார்கள். விவசாயிகளின் கோபம் நகரத்துக்குள் வந்து வெடித்தது என்பது ஒன்று. கன்னடர், தமிழர் பகைமை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்றாலும், எந்தத் தெரு எரியும், எந்தத் தெரு தப்பும், எந்த நேரத்தில் வெளியே போகலாம், எப்போது போகக் கூடாது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு விளக்கங்களும் உதவுவதில்லை. தொழில் நடத்துகிறவனுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவனுக்கும் தேவைப்படுவது அந்த அறிவுதான்.

முதலில் நிகழ்வுகளின் வரிசையைச் சொல்லிவிட வேண்டும். பத்து நாட்களுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் தமிழகத்துக்கு நீர் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 5 அன்று உத்தரவிட்டது. காவிரிப் பாசன மாவட்டமான மண்டியாவில் மறியல்கள் தொடங்கின. 9-ஆம் தேதி மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடந்தது. பெங்களூர் அதைப் பெரிய சேதமின்றிக் கடந்தது. அந்த நிம்மதியே பலருடைய எச்சரிக்கையைத் தளர்த்தியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த நாள், சமூக ஊடகத்தில் கேலிப் படம் பகிர்ந்ததற்காகத் தமிழ் மாணவர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்ட காணொளி பரவியது. 12-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில், சென்னை மயிலாப்பூரில் கர்நாடகத்தவர் நடத்தும் உணவு விடுதி தாக்கப்பட்ட செய்தியும், இராமேசுவரத்தில் கர்நாடக வண்டிகளில் வந்தவர்கள் அடிக்கப்பட்ட காட்சியும் வந்துசேர்ந்தன. அதே நாளில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தி, 15,000 கன அடியை 12,000 ஆகக் குறைத்தது; ஆனால் அதை 20-ஆம் தேதி வரை திறந்துவிட வேண்டும் என்று நாட்களை நீட்டியது. அளவு குறைந்தது என்பது தமிழகத்தில் செய்தியாக, நாட்கள் நீண்டன என்பது இங்கே செய்தியாக ஆனது. மதியத்துக்குப் பிறகு வண்டிகள் எரியத் தொடங்கின.

எரிந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தமிழர்கள் தலைமுறைகளாக நெருக்கமாக வாழும் அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகள் ஊரடங்குப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தவை இராஜகோபாலநகர், பீன்யா, யஷ்வந்த்பூர், விஜயநகர், பேட்டராயனபுரா, கெங்கேரி, ஞானபாரதி போன்ற மேற்குப் பகுதிகள். மைசூரு சாலையை ஒட்டிய பணிமனை ஒன்றில் தமிழகத்துத் தனியார் நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் 40-க்கும் மேற்பட்டவை வரிசையாக நின்ற இடத்திலேயே எரிந்துபோயின. கும்பல் தமிழர்களைத் தேடிச் சென்றிருந்தால் கிழக்கே போயிருக்கும். அது சென்றதோ, தமிழகப் பதிவு எண்ணுடன் காவலின்றி நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளைத் தேடி. திருப்பி அடிக்க ஆளில்லாத, எளிதில் தீப்பிடிக்கிற, தொலைக்காட்சியில் பெரிதாகத் தெரிகிற பொருளையே அது தேர்ந்தெடுத்தது. 1991 டிசம்பரில் இப்படி இருக்கவில்லை. காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்று அவ்வாண்டு ஜூனில் பிறப்பித்த இடைக்கால ஆணை, டிசம்பர் 11 அன்று மத்திய அரசிதழில் வெளியானதும் மூண்ட அந்தக் கலவரத்தில் வீடுகள் குறிவைக்கப்பட்டன, உயிர்கள் போயின, பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்த என் தாய்மாமன் அந்த நாட்களைப் பற்றிக் கடைசி வரை அதிகம் பேசியதில்லை. ஆனால் ஆகஸ்டு, செப்டம்பரில் மழை பொய்த்தால் வீட்டில் ஒரு மாதத்துக்கான அரிசியும் பருப்பும் வாங்கி வைக்கும் பழக்கத்தை அவர் விடவே இல்லை. 1991-ஐயும் 2016-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பயப்படுவதால், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் போகிறோம்.

மேற்குப் பகுதி ஏன் எரிந்தது என்பதற்கு என் பட்டறை வாசலிலேயே விடை இருந்தது. பீன்யாவும் காமாட்சிபாளையாவும் மைசூரு சாலையும் சிறு தொழிற்கூடங்களும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நிறைந்தவை. மண்டியா, ஹாசன், துமகூரு மாவட்டங்களிலிருந்து வந்து, ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்து, நான்கைந்து பேராக ஓர் அறையில் தங்கும் இளைஞர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊரில் அப்பனுடைய கரும்பு காய்கிறது என்கிற துயரம் அவர்களில் சிலருக்கு உண்மையானது. ஆனால் அன்று மதியம் அவர்களைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது அந்தத் துயரம் அல்ல, பட்டறைக்காரர்களாகிய நாங்கள்தான். நிலைமை சரியில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு பட்டறையாக ஷட்டரை இறக்கி ஆட்களை வெளியே அனுப்பியது. மறுநாள் பக்ரீத் விடுமுறை. அரைநாள் கூலியோடு, செய்வதற்கு வேலையின்றி, பேருந்தும் கிடைக்காமல், கையில் கைபேசியோடு நிற்கும் பெருங்கூட்டத்தைத் தொழிற்பேட்டையே ஒரு மணி நேரத்தில் உருவாக்கிக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேடிக்கை பார்க்க நின்றவர்கள்தான். கல்லெறிய வந்த பத்துப் பேருக்கு அந்தத் தொண்ணூறு பேர் மறைவாக ஆனார்கள். காவலர் வந்தபோது யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

பகைமை இல்லாமலே இந்த நகரம் எரிந்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2006 ஏப்ரல் 12 அன்று நடிகர் ராஜ்குமார் இயற்கையாகவே மறைந்தார். எதிரி என்று யாரும் இல்லாத அந்தச் சாவில், அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் அலைக்கழிக்கப்பட்ட கூட்டம் வன்முறையில் இறங்கியது. காவலர் ஒருவர் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். 2016-லேயே, காவிரிக் கலவரத்துக்கு ஐந்து மாதம் முன்பு, வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கான விதிகளை மத்திய அரசு இறுக்கியபோது, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், எந்தச் சங்கமும் அழைக்காமலே ஓசூர் சாலையிலும் பீன்யா பக்கத்திலும் சாலையில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் இரண்டாம் நாளில் பேருந்துகள் எரிந்தன, ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, உடனே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. மனுக் கொடுத்தால் கேட்காத அரசு நெருப்பைப் பார்த்தால் கேட்கும் என்கிற பாடத்தை நகரம் முழுவதும் அன்று படித்துக்கொண்டது. ஆக, வேலையில் நிலையின்மை, பேச்சுவார்த்தைக்கு ஆளில்லாமை, காவல் துறை பின்தங்கி வருவது, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் காட்டும் தொலைக்காட்சி ஆகியவை ஏற்கெனவே உலர்ந்து கிடந்தன. காவிரி தீக்குச்சியாக அமைந்தது.

அன்று எங்கள் சந்தில் செய்தவற்றைச் சொல்கிறேன். இவற்றில் பலவற்றை இன்று வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். காலையில் கோவையிலிருந்து வார்ப்புகளை ஏற்றிவந்த லாரி ஒன்று, தமிழகப் பதிவு எண்ணுடன், பட்டறை வாசலில் நின்றது. ஓட்டுநர் சங்ககிரிக்காரர். மதியத்துக்கு முன்பாகவே கிளம்பி அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்குப் போய்விடலாம் என்றார். சாலையில் மாட்டிக்கொள்வதைவிட இங்கேயே இருப்பது மேல் என்று நானும் பக்கத்துப் பட்டறைக்காரரும் அவரைத் தடுத்தோம். பக்கத்துப் பட்டறைக்காரர் துமகூருக்காரர், என்னைவிட மூத்தவர், அவருடைய கூடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவருடன் கூடிய காலி இடம் உண்டு. "வண்டியை உள்ளே விடச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் என் சரக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றார். லாரியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, முன்புறத்தில் தார்ப்பாயைத் தொங்கவிட்டோம். டீசல் டப்பாக்களையும் ஆக்சிஜன், அசிட்டிலின் உருளைகளையும் உள்ளறைக்கு நகர்த்தினோம். மாலையில் ஒரு கூட்டம் இரு சக்கர வண்டிகளில் சந்துக்குள் வந்தபோது, அவர் தன் ஆட்கள் ஏழெட்டுப் பேருடன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஒன்றும் கேட்காமலே திரும்பிப் போனார்கள். வீரம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆள் இருக்கிற இடத்தைக் கும்பல் பெரும்பாலும் தவிர்க்கிறது என்பதே நான் கண்டது. வெளிச்சமும், வாசலில் தெரிந்த முகங்களும், உள்ளூர் மொழியில் பதில் சொல்ல ஒருவரும் இருந்தால் போதும். அடைத்துவிட்டுப் போன இடங்கள்தான் உடைக்கப்பட்டன.

ஆட்களை அனுப்பும் விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. நகரம் முழுவதும் அலுவலகங்களும் பள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூடப்பட்டன. பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துவர ஓடினார்கள். அதன் விளைவு, சரியாக வன்முறை தொடங்கும் நேரத்தில் நகரத்தின் சாலைகள் அனைத்தும் வண்டிகளால் அடைபட்டு நின்றன. காவல் வண்டியும் தீயணைப்பு வண்டியும் அந்த நெரிசலுக்குள்தான் வர வேண்டியிருந்தது. நாங்கள் நடந்தே வீடு சேரக்கூடியவர்களை மட்டும் அனுப்பினோம்; தொலைவில் இருப்பவர்களைப் பட்டறையிலேயே தங்க வைத்து, சாயங்காலம் சமைத்து, மறுநாள் விடிந்தபின் அனுப்பினோம். பெண் தொழிலாளர் இருவரைப் பக்கத்துப் பட்டறைக்காரரின் மனைவி தம் வீட்டில் தங்க வைத்துக்கொண்டார். முன்கூட்டியே, அதாவது காலை பத்து மணிக்குள், அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அந்த நேரம் தவறிவிட்டால் இருக்கிற இடத்தில் இருப்பதே பாதுகாப்பு. இதைப் பள்ளிகளுக்கும் சொல்வேன். சுற்றுச்சுவரும் பூட்டிய கதவும் உள்ள பள்ளியில் இரவு ஏழு மணி வரை ஒரு குழந்தை பசியோடு இருப்பது, பள்ளிப் பேருந்தில் நடுச்சாலையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

அந்தக் காலை நேரத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பார்கள். தொலைக்காட்சியைப் பார்த்து அல்ல. அது எப்போதும் பின்தங்கியே வரும், அல்லது ஒரே காட்சியை நூறு முறை காட்டி இருப்பதைவிடப் பெரிதாக்கும். நான் கவனிப்பது வேறு. மாநகரப் பேருந்துகள் வழக்கமான தடத்தை விட்டுப் பணிமனைக்குத் திரும்புகின்றனவா என்று பார்ப்பேன். முதன்மைச் சாலையில் நகைக்கடையும் மதுக்கடையும் ஷட்டரைப் பாதி இறக்குகின்றனவா என்று பார்ப்பேன். அந்தக் கடைக்காரர்களுக்கு எல்லாரையும்விட முன்னதாகத் தகவல் வந்துவிடும். நீதிமன்ற உத்தரவு எதிர்பார்க்கப்படும் நாளா, மறுநாள் விடுமுறையா, விநாயகர் ஊர்வலங்கள் நடக்கும் வாரமா என்பதும் கணக்கில் வரும்; 2016-இல் இந்த மூன்றும் ஒன்றாக வந்தன. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் நான் சரக்கு வண்டியை வரச்சொல்வதில்லை.

வதந்தி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில், அசாமில் நடந்த வன்முறைக்குப் பழிவாங்க இங்குள்ள வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று பரவிய குறுஞ்செய்திகளை நம்பி, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இரவோடு இரவாகப் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்து குவகாத்திக்குப் புறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மத்திய அரசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடுத்தது. 2016-இல் அதே வேலையை வாட்ஸ்அப் செய்தது. அன்று எனக்கு வந்த காணொளிகளில் பழையவையும், வேறு ஊர்களில் எடுத்தவையும் கலந்திருந்தன. தமிழ்க் குழுக்களில் இங்கே தமிழர்கள் வெட்டப்படுகிறார்கள் என்றும், கன்னடக் குழுக்களில் அங்கே கன்னடர்கள் வெட்டப்படுகிறார்கள் என்றும் ஒரே நேரத்தில் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்காக ஒரு சிறு குழுவை வைத்திருக்கிறோம். அதில் நாம் நம் கண்ணால் பார்த்ததை மட்டும், இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்பது விதி. காணொளி போடக் கூடாது. இந்த ஒரு விதியால் குழு மிகவும் அமைதியாக இருக்கும், அது பலருக்குச் சலிப்பாகவும் இருக்கும். ஆனால் அவசர நேரத்தில் பயன்படுவது அதுதான். ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு, எல்லாரும் நலம் என்று காலையிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடி எப்போது அழைப்போம் என்ற நேரத்தையும் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அவர்களுடைய பதற்றமே அங்கே இன்னொரு வதந்திக்கு வித்தாகும்.

பணத்தைப் பற்றிய பகுதி சுவையற்றது. ஆனால் பலர் நொடித்துப்போனது இதனால்தான். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கலவரத்தில் எரிந்த வண்டிக்கு ஒரு காசும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில்தான் கலவரச் சேதம் அடங்கும். பட்டறைக்கும் கடைக்கும் எடுக்கும் தீக்காப்பீட்டில், கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா, கட்டணத்தைக் குறைப்பதற்காக முகவர் அந்தப் பிரிவை நீக்கிவிட்டாரா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில் இருக்கும் சரக்குக்கான காப்பீட்டில் கலவரப் பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எதுவாக இருந்தாலும், இழப்பீடு கேட்க முதல் தகவல் அறிக்கை வேண்டும். இயந்திரங்களின் படங்களும் கொள்முதல் ரசீதுகளும் பட்டறைக்கு வெளியே வேறெங்காவது இருக்க வேண்டும். எங்கள் சந்துக்கு அப்பால் ஒருவருடைய கடை எரிந்தபோது, ரசீதுகளும் கூடவே எரிந்துவிட்டதால், என்ன இழந்தார் என்பதை நிரூபிக்கவே அவர் நெடுநாள் அலைந்தார்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் இளைஞர்களுக்கு விளங்கச் சொல்வேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அவர்களில் ஒருவன் வன்முறை செய்தால், கூட்டத்தின் நோக்கத்துக்கு உடன்பட்டு நின்ற மற்றவரும் கலவரக் குற்றத்துக்கு ஆளாவர். அன்று கைதானவர்களில் வேடிக்கை பார்க்கப் போனதாகச் சொன்னவர்கள் ஏராளம். ஹெக்கனஹள்ளியில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். எங்களிடம் வேலை செய்யும் பையன்களுக்கு, கன்னடர், தமிழர், ஒடியா என்ற வேறுபாடின்றி, இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம்.

14-ஆம் தேதி ஊரடங்கு விலக்கப்பட்டது. ஆனால் இரு மாநிலங்களுக்கு இடையே பேருந்துகள் ஓடவில்லை. ஓசூரில் இறங்கி, தமிழக எல்லையிலுள்ள ஜூஜூவாடியிலிருந்து கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி வரை மூட்டை முடிச்சுகளுடன் நடந்துவந்தவர்களில் கைக்குழந்தையோடு வந்தவர்களும், மருத்துவமனைக்கு வந்த முதியவர்களும் இருந்தார்கள். அந்தக் காட்சியை எந்தத் தொலைக்காட்சியும் நூறு முறை காட்டியதாக நினைவில்லை.

2023 செப்டம்பரில் மறுபடி மழை பொய்த்து, மறுபடி நீர் திறக்க உத்தரவு வந்து, 26-ஆம் தேதி பெங்களூரிலும் 29-ஆம் தேதி மாநிலம் முழுவதும் முழு அடைப்பு நடந்தது. இரண்டும் பெரிய வன்முறையின்றி முடிந்தன. மக்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. தடை உத்தரவு முதல் நாளே பிறப்பிக்கப்பட்டது. ஆர்வலர்கள் பலர் கூடுவதற்கு முன்பே பிடித்து வைக்கப்பட்டார்கள். போராட்டங்கள் சுதந்திரப் பூங்காவுக்குள் ஒதுக்கப்பட்டன. தமிழகப் பேருந்துகள் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. கருத்துரிமையை நேசிக்கிறவனுக்கு இந்தப் பட்டியல் முழுவதும் இனிப்பதில்லை, எனக்கும் இனிக்கவில்லை. ஆனால் காவலின்றி நிற்கும் வண்டிகளும், அரைநாளில் தெருவுக்கு வந்த கூட்டமும் அந்த இரண்டு நாட்களிலும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் சந்திலும் முதல் நாள் இரவே முடிவெடுத்து, பட்டறைகளை முழு நாளும் மூடி, கூலியை முழுதாகக் கொடுத்தோம். கோவையிலிருந்து வரும் வார்ப்பு லாரியை ஓசூர்க் கிடங்கிலேயே இறக்கிவைத்து, சனிக்கிழமையன்று கர்நாடகப் பதிவு எண் கொண்ட டெம்போவில் கொண்டுவந்தோம். டெம்போ வாடகையைப் பக்கத்துப் பட்டறைக்காரரும் நானும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். வரும் ஆண்டுகளுக்கும் அதே ஏற்பாடுதான்.